டி லா சோல் ஆல்பத்தை இத்தனை காலம் பூட்டி வைத்தது சாம்பிளா, ஒப்பந்தமா?

வட்டத்தட்டு:

டி லா சோலின் "3 ஃபீட் ஹை அண்ட் ரைசிங்" ஆல்பத்துக்கு இங்கே தனி இழையே இல்லை. பப்ளிக் எனிமிக்கு இருக்கிறது. வூ-டாங் கிளானுக்கு மூன்று இருக்கிறது, மூன்றிலும் அதே நான்கு பேர் அதே சண்டையைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். சரி, நானே தொடங்கி வைக்கிறேன்.

புதிதாக வருபவர்களுக்காக: நியூயார்க் நகரத்துக்குக் கிழக்கே லாங் ஐலண்டில் அமிட்டிவில் என்று ஓர் ஊர். அங்கே பள்ளியில் ஒன்றாகப் படித்த பாஸ்ட்னூஸ், ட்ரூகாய், மேசியோ என்ற மூன்று பையன்கள்தான் இந்த ராப் குழு. யோகர்ட் என்ற சொல்லைத் திருப்பிப் போட்டால் ட்ரூகாய்; அவருக்குத் தயிர் பிடிக்குமாம், அவ்வளவுதான் காரணம். அதே ஊர்க்காரரான பிரின்ஸ் பால், அப்போது ஸ்டெட்சசானிக் குழுவில் டிஜே. அவர்தான் தயாரிப்பாளர். டாமி பாய் நிறுவனம் 1989இல் வெளியிட்டது. பில்போர்டின் பொது ஆல்பம் பட்டியலில் 24ஆம் இடம், கறுப்பின இசைப் பட்டியலில் முதலிடம். "மீ மைசெல்ஃப் அண்ட் ஐ" பாட்டு ஊரெல்லாம் ஒலித்தது.

இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. நான் கேட்க வந்தது வேறு. இந்த ஆல்பம் 2023 மார்ச் 3 வரை எந்த ஸ்ட்ரீமிங் தளத்திலும் இல்லை. வெளியாகி 34 ஆண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2010க்கான தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இதைச் சேர்த்து, நாட்டின் சொத்து, பாதுகாக்க வேண்டியது என்று சொல்லிவிட்டது. ஆனால் பாதுகாக்கப்பட்ட அந்தப் பொருளைக் காசு கொடுத்து டவுன்லோடு செய்ய அப்போது ஒரு கடையும் கிடையாது!

ஏன் என்று கேட்டால் எல்லோரும் "சாம்பிள் பிரச்சினை", அதாவது பழைய பாட்டுகளிலிருந்து துண்டு எடுத்துப் புதுப் பாட்டில் ஒட்டுகிற பிரச்சினை, என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான் என்பது என் கட்சி. மீதிப் பாதி ஒப்பந்தக் காகிதம். எல்லோரும் கருத்துச் சொல்லுங்கள், அப்புறம் விரிவாக எழுதுகிறேன்.

புதுசு99:

அண்ணா, நான் 2023க்குப் பிறகு கேட்ட ஆள். உண்மையைச் சொன்னால் திட்டுவீர்கள். "தி மேஜிக் நம்பர்" பாட்டை ஸ்பைடர்மேன் படத்தின் கடைசியில் பெயர் ஓடும்போதுதான் முதலில் கேட்டேன். ஆல்பத்தைத் தேடிப் போட்டால் முதலில் ஏதோ டிவி போட்டி நிகழ்ச்சி மாதிரி யாரோ பேசிக்கொண்டிருக்கிறார்கள். நடுநடுவே திரும்பத் திரும்ப அதே. முக்கல் முனகல் ஒரு டிராக் முழுக்க! வீட்டில் ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அம்மா சமையலறையில். ஓடி வந்து நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

பாட்டுகளில் ஐந்தாறு அபாரம். மீதி வெறும் அரட்டை. இதைத்தான் காவியம் என்கிறீர்களா?

நாலாம்_சேனல்:

அந்த முனகல் டிராக்கை ஹெட்ஃபோன் இல்லாமல் போடக் கூடாது என்பது இந்த மன்றத்தின் எழுதாத விதி. யாரும் சொல்லவில்லையா உனக்கு.

சாரல்:

புதுசு, உன்னைத் திட்ட மாட்டேன். ஆனால் பாட்டுக்கு நடுவே வரும் அந்தப் பேச்சுத் துணுக்குகளை, அதாவது ஸ்கிட்டை, தாண்டித் தாண்டிக் கேட்டால் இந்த ஆல்பத்தில் பாதியைத்தான் கேட்டிருக்கிறாய்.

அந்தப் போட்டி நிகழ்ச்சியை நிதானமாக ஒரு முறை கேள். போட்டியாளர்கள் குழுவினரும் பிரின்ஸ் பாலும்தான். கேள்விகள் எப்படி? ஒரு பிராண்டு கோழிக்கு மொத்தம் எத்தனை இறகு. பேட்மேனின் கார் எத்தனை தடவை பஞ்சர் ஆனது. பதில் யாருக்கும் தெரியாது, தெரியவும் முடியாது. பரிசுக்காகப் பரபரக்கிற அமெரிக்க டிவியை நக்கல் அடிக்கிறார்கள், ஆனால் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு. நிகழ்ச்சி நடத்துபவர் கேள்வி கேட்டுவிட்டுப் போய்விடுவார், அடுத்து பாட்டு வரும், மறுபடி வருவார்.

இதற்கு முன்னாலும் ராப் ரெக்கார்டுகளில் இடையிடையே பேச்சு உண்டு. ஆனால் ஓர் ஆல்பத்தின் முதல் நொடியிலிருந்து கடைசி வரை ஒரே நூலாக அதை ஓட விட்டது பால்தான். பிறகு தொண்ணூறுகளில் வந்த ஆல்பங்களில் பாதிக்கு மேல் ஸ்கிட். பெரும்பாலானவை அறுவை, ஒப்புக்கொள்கிறேன். அறுவை போட்டவர்களுக்கும் சேர்த்துப் பாலைத் திட்டக் கூடாது.

இன்னொன்று. 1989இல் ராப் என்றால் தடித்த தங்கச் சங்கிலி, மார்தட்டல், தெருவின் கோபம் என்ற எதிர்பார்ப்பு. "மீ மைசெல்ஃப் அண்ட் ஐ" வீடியோவில் அதையே காட்டுவார்கள். ராப் வகுப்பறை, வாத்தியாரும் மற்ற மாணவர்களும் சங்கிலியும் தொப்பியுமாக இருக்க, இந்த மூவரை எல்லோரும் கேலி செய்வார்கள். நடுத்தரப் புறநகர்ப் பையன்கள், தாங்கள் எப்படி இருந்தார்களோ அப்படியே வந்து நின்றார்கள். அந்த அரட்டைதான் அவர்களுடைய வீடு. அதை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஹிட் பாட்டுத் தொகுப்பு.

கீழ்த்தளம்_பீட்ஸ்:

பீட் செய்கிறவன் என்ற முறையில் நான் வேறு பக்கமிருந்து வருகிறேன். "ஐ நோ" பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடியில் ஓடுவது ஸ்டீலி டானின் "பெக்", 1977. மெருகோ மெருகு என்று ஸ்டுடியோவில் மாதக்கணக்கில் இழைத்த வெள்ளைக்காரப் பாட்டு. மேலே வருகிற விசில் ஓட்டிஸ் ரெட்டிங்குடையது, துறைமுகத்தில் உட்கார்ந்து அலையைப் பார்க்கிற பாட்டின் முடிவில் அவர் அடிக்கும் விசில். கூடவே மேட் லாட்ஸ் என்ற மெம்பிஸ் குழுவின் ஒரு துண்டு. மூன்றும் வேறு ஆண்டு, வேறு ஊர், வேறு வேகம், வேறு சுருதி.

இப்போது லேப்டாப்பில் வேகத்தைத் தனியாக, சுருதியைத் தனியாக மாற்றலாம். அப்போது அது நடக்காது. ரெக்கார்டைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் சுருதியும் ஏறும், மெதுவாக ஓட்டினால் இரண்டும் இறங்கும். ஆகவே ஒன்றோடு ஒன்று தாளத்திலும் சேர்ந்து, சுருதியிலும் சேர்கிற துண்டுகளைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்பாவின் ரெக்கார்டு பெட்டியில் நூறு தட்டுகளை ஓட்டிப் பார்த்து, இந்த விசில் இந்த கிதாருக்குப் பொருந்தும் என்று எவனுக்கோ தோன்ற வேண்டும். தோன்றியிருக்கிறது.

அடுத்து நினைவகம். அந்தக் காலத்தில் பலர் பயன்படுத்திய எஸ்பி-1200 கருவியில் மொத்தம் 10 விநாடிதான் சாம்பிள் எடுக்க முடியும். ஒரு துண்டு அதிகபட்சம் 2.5 விநாடி. அதனால் ஒரு தந்திரம் உண்டு: 33 வேகத் தட்டை 45இல் ஓட்டிப் பதிவு செய்வது, அதனால் குறைந்த நேரத்தில் நிறைய அடங்கிவிடும், பிறகு கருவிக்குள் அதை இறக்கி வாசிப்பது. இறக்கும்போது ஒலி கொஞ்சம் மண்மண் என்று ஆகும். அந்தக் கரகரப்பை இன்று காசு கொடுத்துப் பிளக்-இன் வாங்கிப் போடுகிறோம்.

அப்புறம் "பாட்ஹோல்ஸ் இன் மை லான்". பார்லமென்ட் குழு 1970இல் போட்ட ஒரு நாட்டுப்புறப் பகடிப் பாட்டிலிருந்து யோடல் கூவலை எடுத்து ராப் பாட்டின் பல்லவியாக வைத்திருக்கிறார்கள். ஆல்ப்ஸ் மலை மாடு மேய்ப்பவர் கூவுகிற மாதிரி! பாட்டு எதைப் பற்றி? தங்கள் வரிகளை மற்ற ராப்பர்கள் திருடுவதைப் பற்றி. புல்வெளியில் குழி தோண்டிவிட்டுப் போகிறார்களாம்.

ராயல்டி:

ஆஹா. அடுத்தவர் பாட்டிலிருந்து எடுத்த துண்டை வைத்து, என் வரியைத் திருடாதே என்று பாட்டு. இதைவிட நல்ல நகைச்சுவை ஸ்கிட்டில்கூட இல்லை.

நான் கல்யாணக் கச்சேரி முதல் ஸ்டுடியோ வரை கீபோர்டு வாசித்த ஆள். "பெக்" பாட்டின் அந்தத் துண்டை வாசிக்க எத்தனை பேர் எத்தனை நாள் உழைத்தார்கள்? அதை ஒருவர் பொத்தானை அமுக்கி எடுத்துக்கொள்வார், நாம் "காதின் மேதைமை" என்று கைதட்ட வேண்டும். நான் வாசித்த ஒரு துண்டு எனக்குத் தெரியாமல் ஒரு விளம்பரத்தில் வந்தது. கேட்டதற்கு, சம்பளம் அன்றைக்கே கொடுத்தாச்சே என்றார்கள். எனவே இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் சூடு அதிகம்.

சாம்பிள் எடுத்தால் காசு கொடு. கொடுக்காததால் ஆல்பம் முடங்கியது. இதில் பூட்டு என்ன, புதிர் என்ன?

வக்கீல்குமாஸ்தா:

ராயல்டி சார், சூடு நியாயம்தான். ஆனால் யாருக்குக் காசு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து. ஒன்று, இயற்றிய பாட்டு, அதாவது மெட்டும் வரியும். இன்னொன்று, அன்றைக்கு ஸ்டுடியோவில் பதிவான ஒலி. சாம்பிள் எடுத்தால் இரண்டு உரிமையாளரிடமும் அனுமதி வாங்க வேண்டும். இரண்டில் எதிலுமே அங்கே கூலிக்கு வாசித்த கலைஞர் பெரும்பாலும் இருக்க மாட்டார். உங்கள் கதையும் அதுதானே.

டி லா சோல் மாட்டிய வழக்கே நல்ல உதாரணம். ஆல்பத்தில் "ட்ரான்ஸ்மிட்டிங் லைவ் ஃப்ரம் மார்ஸ்" என்று ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஒரு துணுக்கு. யாரும் ராப் செய்வதில்லை. பிரெஞ்சு மொழி கற்றுக்கொடுக்கும் ரெக்கார்டிலிருந்து ஒரு பெண் குரல் பேசும், பின்னால் டர்ட்டில்ஸ் குழுவின் "யூ ஷோட் மீ" பாட்டின் துண்டு மெதுவாகச் சுற்றும். அவ்வளவுதான். டர்ட்டில்ஸின் மார்க் வோல்மனும் ஹோவர்ட் கேலனும் வழக்குப் போட்டார்கள். 17 லட்சம் டாலர் என்று பத்திரிகைகள் எழுதின. கடைசியில் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசம். கைமாறியது அதைவிட மிகக் குறைவு என்று குழுவினர் தரப்பில் சொல்வார்கள். தீர்ப்பே வரவில்லை, ஆகவே சட்ட முன்னுதாரணமும் இல்லை.

வேடிக்கை என்ன தெரியுமா? "யூ ஷோட் மீ" டர்ட்டில்ஸ் எழுதிய பாட்டே இல்லை. எழுதியவர்கள் பேர்ட்ஸ் குழுவின் ஜீன் கிளார்க்கும் ரோஜர் மெக்குவினும். டர்ட்டில்ஸிடம் இருந்தது பதிவின் உரிமை. ஆக வழக்குப் போட்டவர்கள் பாடியவர்கள், இயற்றியவர்கள் வேறு.

உண்மையான இடி 1991 டிசம்பரில் விழுந்தது. பிஸ் மார்க்கி என்ற ராப்பர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து சாம்பிள் எடுத்திருந்தார். நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி கெவின் டஃபி தீர்ப்பின் முதல் வரியாகவே "களவு செய்யாதிருப்பாயாக" என்ற வேதாகமக் கட்டளையைப் போட்டார். அதோடு விட்டாரா? கிரிமினல் நடவடிக்கை எடுக்கலாமா பாருங்கள் என்று அரசு வக்கீலுக்கும் அனுப்பி வைத்தார். ஆல்பத்தைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள். பிஸ் மார்க்கி அடுத்த ஆல்பத்துக்கு வைத்த பெயர் "ஆல் சாம்பிள்ஸ் கிளியர்டு". மனிதருக்கு நக்கல் போகவில்லை.

2005இல் வேறொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. ஃபங்கடெலிக் பாட்டின் இரண்டு விநாடி கிதார் துண்டு, அதுவும் உருமாற்றியது. அனுமதி வாங்கு, இல்லையென்றால் சாம்பிள் எடுக்காதே என்று தீர்ப்பு. 2016இல் மடோனா வழக்கில் மேற்குக் கடற்கரையிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை; அற்பத் துண்டு என்றால் குற்றமில்லை என்றது. ஆக அமெரிக்காவில் இன்றைக்கும் ஊருக்கு ஒரு நியாயம்.

நாலாம்_சேனல்:

வக்கீலுக்கு ஃபீஸ் எவ்வளவு? அனுப்பும் வழி சொல்லுங்கள். (இந்தப் பதிவைச் சாம்பிள் எடுக்க இரண்டு அனுமதி தேவை.)

ராயல்டி:

குமாஸ்தா சொன்னது புரிகிறது. ஆனால் ஒரு கேள்வி. டர்ட்டில்ஸ் துண்டுக்கு மட்டும் ஏன் அனுமதி வாங்கவில்லை? மற்றவற்றுக்கு வாங்கினார்களா?

வட்டத்தட்டு:

வாங்கினார்கள், எல்லாவற்றுக்கும் அல்ல. பயன்படுத்திய பாட்டுகளின் பட்டியலை நிறுவனத்திடம் கொடுத்தோம் என்று குழுவினர் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். பெரிய பாட்டுகளுக்கு நிறுவனம் ஏற்பாடு செய்தது. துக்கடா ஸ்கிட்டுக்கெல்லாம் யார் கேட்கப் போகிறார்கள் என்று இதை விட்டுவிட்டார்கள். ராப் ஆல்பம் இவ்வளவு விற்கும் என்று அந்தக் காலத்தில் நிறுவனங்களே நம்பவில்லை. விற்றதும் ஆள் வந்தது.

இப்போது என் கட்சிக்கு வருகிறேன். ராயல்டி, கோபப்படாமல் படியுங்கள், நீங்கள் என் பக்கம் வந்துவிடுவீர்கள் என்று ஒரு நப்பாசை.

சாம்பிள்தான் பூட்டு என்றால் அந்த வழக்கு சமரசமாகித் தொண்ணூறுகள் முழுக்க சிடி, கேசட் எல்லாம் கடையில் எப்படிக் கிடைத்தன? பழைய ரெக்கார்டுக் கடைகளில் நாங்கள் வாங்கினோமே. ஒரு பொருளாக அதை விற்க யாருக்கும் தடை இல்லை. முட்டுக்கட்டை வந்தது பாட்டு இணையத்துக்குள் போனபோதுதான்.

குழுவினர் பேட்டியில் விளக்கியதன் சாரம் இது: எண்பதுகளின் கடைசியில் எழுதிய அனுமதிப் பத்திரங்களில் ரெக்கார்டு, கேசட் என்று பொருளைப் பெயர் சொல்லி எழுதிவிட்டார்கள். "இனி வரப்போகும் எந்த வடிவிலும்" என்று ஒரு வால் சேர்த்திருந்தால் பிரச்சினையே இல்லை. அந்த வால் இல்லை. ஆகவே டிஜிட்டலில் விற்க ஒவ்வொரு துண்டுக்கும் மறுபடி போய்க் கதவைத் தட்ட வேண்டும்.

தட்டியிருக்கலாம். யார் தட்டுவது? டாமி பாயின் பழைய ரெக்கார்டுகள் 2002இல் வார்னரிடம் போய்விட்டன. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு, ஒரு பழைய ராப் குழுவின் ஆறு ஆல்பங்களுக்காக வக்கீல்களை உட்கார வைத்துப் பழைய பத்திரங்களைத் தூசி தட்டுவது லாபமாகப் படவில்லை. பேசாமல் வைத்திருந்தால் வழக்கும் வராது, செலவும் வராது. இப்படியே பதினைந்து ஆண்டு.

நடுவில் 2014 காதலர் தினத்தன்று குழுவினர் ஒரு காரியம் செய்தார்கள். மின்னஞ்சல் முகவரி கொடுத்தால் பழைய ஆல்பம் அத்தனையும் இலவசம், 25 மணி நேரத்துக்கு. ஆல்பத்துக்கு 25 வயது என்பதால் 25 மணி. விற்க முடியாத தங்கள் சொந்தப் பாட்டை அவர்களே வாரி விட்டார்கள். தளம் திணறிப்போனது. நான் இரவு முழுக்கக் கண் விழித்து இறக்கினேன்.

2017இல் டாமி பாயின் நிறுவனர் டாம் சில்வர்மேன் பழைய சொத்தை வார்னரிடமிருந்து திரும்ப வாங்கினார். 2019இல் ஸ்ட்ரீமிங் வருகிறது என்று அறிவிப்பு. எல்லோரும் துள்ளினோம். உடனே குழுவினர் இன்ஸ்டாகிராமில் வந்து வேண்டாம் என்றார்கள். காரணம்? வருவதில் நிறுவனத்துக்கு 90, குழுவுக்கு 10. அதற்கு மேல் 20 லட்சம் டாலர் பாக்கி வேறு இவர்கள் தலையில் இருப்பதாகக் கணக்கு. ஜே-ஸியின் டைடல் தளம், பேச்சு முடியும் வரை நாங்கள் ஏற்ற மாட்டோம் என்றது. நாஸ், குவெஸ்ட்லவ் எல்லாம் குழுவின் பக்கம் நின்றார்கள். வெளியீடு தள்ளிப்போனது.

கவனியுங்கள்: 2019இல் நடந்த சண்டையில் சாம்பிள் உரிமையாளர் ஒருவர்கூட மேடையில் இல்லை. அது நிறுவனத்துக்கும் பாடியவர்களுக்கும் நடந்த பங்குச் சண்டை.

2021இல் ரிசர்வாயர் என்ற இசை உரிமை நிறுவனம் டாமி பாயைச் சுமார் 10 கோடி டாலருக்கு வாங்கியது. குழுவோடு உட்கார்ந்து பேசி முடித்தார்கள், ஒவ்வொரு சாம்பிளாகத் தேடி அனுமதி வாங்கினார்கள். இரண்டே ஆண்டு. மனம் வைத்ததும் முடிந்துவிட்டது பாருங்கள். முடியாத காரியம் என்று இத்தனை காலம் நம்மிடம் சொன்னது எதை?

ட்ரூகாய் 2023 பிப்ரவரி 12 அன்று இறந்தார், 54 வயது. ஆல்பம் ஸ்ட்ரீமிங்கில் வருவதற்கு மூன்று வாரம்கூட இல்லை.

புதுசு99:

அந்தத் தேதிகள் எனக்குத் தெரியாது அண்ணா. நான் மார்ச்சில் "அட, புதுசா ஏதோ வந்திருக்கு" என்றுதான் பார்த்தேன்.

ஒரு சந்தேகம். அதே 1989இல் பீஸ்டி பாய்ஸின் "பால்ஸ் போட்டீக்" வந்தது. அதிலும் சாம்பிள் மலை மலையாக. அது எப்படி எப்போதும் கிடைத்தது?

கீழ்த்தளம்_பீட்ஸ்:

நல்ல கேள்வி தம்பி. அவர்கள் பெரும்பாலான துண்டுகளுக்கு அப்போதே பணம் கட்டி அனுமதி வாங்கியதாக அதில் வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். கேபிடல் மாதிரிப் பெரிய நிறுவனம், கையில் பணம், பத்திரம் எழுதத் தெரிந்த வக்கீல்கள். டாமி பாய் சின்னக் கடை. இசையில் இரண்டு ஆல்பமும் ஒரே துணிச்சல். காகித வேலையில்தான் வேறுபாடு.

அவர்களையும் வழக்கு விடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ட்ரபிள் ஃபங்க் குழுவின் பதிவுகளை எடுத்ததாக 2012இல், அதாவது 20 ஆண்டுக்கு மேல் கழித்து, ஒரு நிறுவனம் வழக்குப் போட்டது. 2015இல் தள்ளுபடி ஆனது.

ராயல்டி:

வட்டத்தட்டு, உங்கள் பக்கம் முழுதாக வரவில்லை. பாதி வழியில் நிற்கிறேன்.

90-10 என்பதைப் படித்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது, மறைக்கவில்லை. ஆனால் அதனாலேயே சாம்பிள் எடுப்பது சரி என்று ஆகிவிடாது. நிறுவனம் பாடகரை ஏய்க்கிறது, பாடகர் பழைய வாத்தியக்காரரை ஏய்க்கிறார். சங்கிலியின் கடைசியில் இருப்பவனுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

பார்லமென்ட், ஃபங்கடெலிக் குழுக்களை நடத்திய ஜார்ஜ் கிளின்டன் என்ன சொன்னார் என்று யாராவது எழுதுங்கள். "மீ மைசெல்ஃப் அண்ட் ஐ" அவருடைய "நீ டீப்" பாட்டின் மேல்தானே நிற்கிறது.

வக்கீல்குமாஸ்தா:

கிளின்டன் சாம்பிளுக்கு எதிரி இல்லை. 1993இல் அவரே தன் பாட்டுத் துண்டுகளைத் தொகுத்து, இதோ எடுத்துக்கொள்ளுங்கள், விற்றால் மட்டும் பங்கு கொடுங்கள் என்று சாம்பிள் தொகுப்பு ஆல்பங்களை வெளியிட்டார். தன் பாட்டு இன்னொரு தலைமுறையின் வாயில் ஓடுவதில் அவருக்கு மகிழ்ச்சி.

ஆனால் அவருடைய பழைய பாட்டுகளின் உரிமை பெரும்பாலும் பிரிட்ஜ்போர்ட் என்ற நிறுவனத்தின் கையில். நான் மேலே சொன்ன இரண்டு விநாடி வழக்கைப் போட்டது அதே நிறுவனம். கிளின்டனுக்கும் அதன் உரிமையாளருக்கும் பல ஆண்டுகளாக வழக்கு ஓடியது. இயற்றியவர் எடுத்துக்கொள் என்கிறார், பத்திரம் வைத்திருப்பவர் நூற்றுக்கணக்கில் வழக்குத் தொடுக்கிறார். அந்தப் பணம் கிளின்டனுக்கு ஒழுங்காகப் போனதா என்பதே அவர்களுக்குள் வழக்கு.

ஆகவே சங்கிலியின் கடைசியில் இருப்பவன் என்று நீங்கள் சொன்னது சரி. அனுமதி முறை அவனைக் காப்பாற்றுகிறதா என்பதில்தான் தகராறு.

சாரல்:

சட்டப் பேச்சில் பாட்டை மறந்துவிடப் போகிறோம். வரிகளைப் பற்றி யாருமே எழுதவில்லையே.

இவர்களுக்கு "ஹிப்பி ராப்" என்று முத்திரை குத்தினார்கள். காரணம் அட்டை. கண்ணைப் பறிக்கும் மஞ்சள், அதன் மேல் பூக்கள், நடுவில் மூன்று முகம். கிரே ஆர்கனைசேஷன் என்ற பிரிட்டிஷ் ஓவியர் கூட்டம் வரைந்தது. டெய்சி பூ என்று எல்லோரும் பூவைப் பிடித்துக்கொண்டார்கள். குழுவைப் பொறுத்தவரை டெய்சி (DAISY) என்பது "Da Inner Sound, Y'all", அதாவது உள்ளிருந்து வரும் ஒலி என்ற வாசகத்தின் சுருக்கம்.

பூவைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் "சே நோ கோ" இருக்கிறது. ஹால் அண்ட் ஓட்ஸின் துள்ளலான பாட்டை அடியில் வைத்துக்கொண்டு, மேலே கிராக் என்ற கொக்கெயின் போதையைப் பற்றிய வரிகள். பிறந்த குழந்தையிலிருந்து தொடங்குகிறது. கால் தாளம் போடும்போதே வயிறு கலங்கும். "கெட்டோ தாங்" பாட்டிலும் சேரியைக் காட்டுகிறார்கள், ஆனால் அங்கே நான் எவ்வளவு பெரிய ரவுடி என்ற பெருமை இல்லை. கோபத்தை உரக்கச் சொன்னால்தான் கோபம் என்று நினைக்கிற விமர்சகர்களுக்கு இது காதில் விழவில்லை.

பாஸ்ட்னூஸ் வரி கட்டுவதைப் பாருங்கள். "ப்ளக் ட்யூனின்" பாட்டில் குரலைத் தூக்கவே மாட்டார். அடித்துப் பேசுகிற காலத்தில், சோம்பல் முறித்துக்கொண்டு பேசுகிற மாதிரி, சொற்றொடரைத் தலைகீழாக மடித்து மடித்து. முதல் தடவை ஒன்றும் பிடிபடாது. அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் குழூஉக்குறி அது. ஒட்டுக்கேட்கிற சுகம் இருக்கிறதே, அதுதான் எனக்கு இந்த ஆல்பம்.

முத்திரை எவ்வளவு எரிச்சல் ஊட்டியது என்பதற்கு அடுத்த ஆல்பமே சாட்சி. 1991, "டி லா சோல் இஸ் டெட்". அட்டையில் பூந்தொட்டி கவிழ்ந்து உடைந்து கிடக்கும். மேடையில் "மீ மைசெல்ஃப் அண்ட் ஐ" பாடும்போது, எங்களுக்கு இந்தப் பாட்டைப் பிடிக்காது என்று கூட்டத்தோடு சேர்ந்து கத்துவார்களாம். எந்தப் பாட்டு சோறு போட்டதோ அதையே.

புதுசு99:

சாரல் அக்கா சொன்ன பிறகு நேற்று ராத்திரி ஒரு ஸ்கிட்டையும் தாண்டாமல் முதலிலிருந்து கேட்டேன் (ஹெட்ஃபோனில்!). போட்டி நிகழ்ச்சி இப்போது சிரிப்பு வந்தது. குளி, சோப்புப் போடு என்று ஒரு துணுக்கு வருகிறதே, அதற்குச் சத்தமாகவே சிரித்துவிட்டேன். ஆனால் "டி லா ஆர்ஜி" இன்னமும் அறுவை. மாற்றிக்கொள்ள மாட்டேன்.

வட்டத்தட்டு:

அதை இந்த மன்றத்தில் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ராயல்டி:

ஒரு கூடுதல் தகவல், எனக்குப் பிடித்த தகவல் என்பதால் நானே போடுகிறேன். 2015இல் இதே குழு கிக்ஸ்டார்டரில் ரசிகர்களிடம் பணம் கேட்டது. 6 லட்சம் டாலருக்கு மேல் வந்தது. அதை வைத்து வாத்தியக்காரர்களைக் கூட்டி, 200 மணி நேரத்துக்கு மேல் சும்மா வாசிக்க விட்டுப் பதிவு செய்தார்கள். பிறகு அந்தப் பதிவிலிருந்து சாம்பிள் எடுத்து 2016இல் ஆல்பம் போட்டார்கள். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், வாசித்தவனுக்கும் கூலி போயிற்று.

இப்படிச் செய்யலாம் என்றால் 1989இலேயே செய்திருக்கலாமே?

கீழ்த்தளம்_பீட்ஸ்:

1989இல் 6 லட்சம் டாலர் யார் கொடுப்பார்கள் அந்தப் பையன்களுக்கு? இருந்தது ஒரு பெட்டி ரெக்கார்டு.

அதோடு, அந்த 2016 ஆல்பம் நல்ல ஆல்பம், மறுக்கவில்லை. ஆனால் ஜானி கேஷ் தன் வெள்ளப் பாட்டில் "மூன்றடி உயரம், இன்னும் ஏறுகிறது" என்று சொல்வதைக் கேட்டதும் சிரிப்பு வருவது எதனால்? அந்தக் குரலை நமக்கு முன்பே தெரியும். அர்கன்சா வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறுவதைப் பாடிய நாட்டுப்புறப் பாடகர், லாங் ஐலண்டு கறுப்பினப் பையன்களின் ஆல்பத்துக்குப் பெயர் வைத்துவிட்டுப் போகிறார். கூலிக்கு ஆள் வைத்து வாசித்தால் அந்தக் குறும்பு வராது. பழைய ஆளே வந்து நிற்க வேண்டும்.

ராயல்டி:

வந்து நிற்கட்டும். வண்டிச் சத்தம் கொடுத்துக் கூட்டி வாருங்கள் என்கிறேன்.

வட்டத்தட்டு:

இப்போது கொடுத்துத்தான் கூட்டி வந்திருக்கிறார்கள் ராயல்டி. 2023இல் கொடுக்க முடிந்தது 2003இல் ஏன் முடியவில்லை என்பது மட்டும்தான் என் கேள்வி.

மட்டுறுத்துநர்:

இழை நன்றாகப் போகிறது. பிரிட்ஜ்போர்ட் வழக்கைப் பற்றி மட்டும் தனியாக விவாதிக்க விரும்புகிறவர்கள் சட்டப் பிரிவில் புது இழை தொடங்குங்கள். முழு ஆல்பம் டவுன்லோடு சுட்டி கேட்டுத் தனிமடல் அனுப்புகிறவர்களுக்கு: ஆல்பம் இப்போது எல்லாத் தளத்திலும் இருக்கிறது. சாக்கு இல்லை.

புதுசு99:

கடைசியாக ஒன்று. இதற்கு அடுத்து எதைக் கேட்பது? நேராக "ஸ்டேக்ஸ் இஸ் ஹை" போகலாமா?

சாரல்:

போகாதே. முதலில் "டி லா சோல் இஸ் டெட்", அதிலும் ஸ்கிட் உண்டு, தாண்டாதே. அப்புறம் 1993இன் "புலூன் மைண்ட்ஸ்டேட்", அதோடு பால் விடைபெறுகிறார். "ஸ்டேக்ஸ் இஸ் ஹை" அதற்குப் பிறகு, பால் இல்லாமல், பெரும்பாலும் தாங்களே தயாரித்தது. வரிசை மாறினால் அந்த ஆல்பத்தின் கடுப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியாது.